உறுமல் மட்டும் கேக்கு, பேச்சு கேக்கல: ஹோம் தியேட்டர் சத்த அளவைச் சரிசெய்யும் வழி

"அண்ணாச்சி, உறுமல் மட்டும் கேக்கு, பேச்சு கேக்கல." ஹோம் தியேட்டர் வாங்கி ஒரு மாதம் ஆன வீடுகளிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். மீதிப் பாதி, "சப்வூஃபர் ஓடுதா இல்லையான்னே தெரியல" என்று தொடங்கும். இரண்டுக்கும் எல்லோரும் செய்து பார்க்கிற வைத்தியம் ஒன்றுதான்: அடிச்சுருதிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டியின் முதுகில் இருக்கும் திருகைப் பிடித்துத் திருகுவது. பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், தென்காசி என்று நான் போய்ப் பார்த்த வீடுகளில் அந்தத் திருகின் மேல் குற்றம் இருந்தது அபூர்வம். பெட்டியை வைத்த இடம், நாம் உட்காரும் இடம், ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவரின் மெனுவில் தப்பாகக் கிடக்கும் ஒரு வரி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

உங்கள் வீட்டில் என்ன கேட்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்க்கொள்ளலாம். அதற்கு முன்னால் கீழே இருக்கும் அளவெடுப்பை மட்டும் ஒருமுறை செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் மற்றதைத் தொட்டால், எது எதனால் மாறியது என்று உங்களுக்கும் தெரியாது, போனில் கேட்கிற எனக்கும் தெரியாது.

முதலில் ஒருமுறை அளந்துவிடுங்கள்

சத்தம் அளக்கும் மீட்டர் ஒன்று, இல்லாவிட்டால் போனில் அதற்கான ஆப், ஒரு டேப், பேப்பர், பேனா. ரிமோட் அமுக்க இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. மின்விசிறியை அணையுங்கள், ஏசியை அணையுங்கள். ஹாலில் ஃபிரிட்ஜ் இருந்தால் அதையும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். (மறுபடி போட மறந்து, பால் திரிந்து, மதினியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) பக்கத்துத் தெருவில் கோயில் கொடை நடக்கிற அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம்.

மீட்டரில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எடை ('வெயிட்டிங்') என்ற இடத்தில் 'சி' இருக்க வேண்டும், வேகம் 'ஸ்லோ'வில் இருக்க வேண்டும். பெரும்பாலான போன் ஆப்கள் 'ஏ' எடையில்தான் திறக்கும். ஏ எடை 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுக் காட்டும். சி எடை அதே இடத்தில் ஒன்றரை டெசிபல்கூடக் கழிக்காது. இது தெரியாமல் என் வீட்டிலேயே நான் பட்டிருக்கிறேன். மற்ற ஸ்பீக்கர் எல்லாம் 75 காட்டுகிறது, சப்வூஃபர் 60ஐத் தாண்டவில்லை. சரி, கூட்டுவோம் என்று திருகை முக்கால்வாசிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அன்று ராத்திரி படம் போட்டால், பக்கத்து வீட்டு அலமாரியில் இருந்த எவர்சில்வர் பாத்திரம் ஆடுகிறது என்று ஆள் வந்துவிட்டது. சி எடைக்கு மாற்றிய பிறகும் போன் மைக்கை முழுசாக நம்ப வேண்டாம். பல போன்களின் மைக் அடிச்சுருதியைக் குறைத்துத்தான் பிடிக்கும். சப்வூஃபருக்கு மட்டும் போன் காட்டும் எண்ணை ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டு, கடைசி முடிவைக் காதிடம் விடுங்கள். விஷயத்தில் இறங்கிவிட்டவர்கள் யூமிக்-1 போன்ற அளவு மைக் ஒன்று வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம். அதன் பிறகு யாரிடமும் சந்தேகம் கேட்க வேண்டியிருக்காது.

இனி வேலை. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில் மீட்டரை வையுங்கள். சோபாவின் சாய்மானத்தில் சாய்த்து வைக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டு இருந்தால் உத்தமம், இல்லையென்றால் ஸ்டூலின் மேல் நாலு புத்தகம். ரிசீவரின் மெனுவில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்குங்கள், கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆளுயர டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு 'ஸ்மால்' என்ற சொல் கொஞ்சம் மனசு நோகும். அது ஸ்பீக்கரின் உயரத்தைச் சொல்கிற சொல் இல்லை, 80க்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்பதுதான் அதன் அர்த்தம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உங்கள் இருக்கைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து போடுங்கள்.

சப்வூஃபரின் முதுகில் கிராஸ்ஓவர் திருகு இருந்தால் அதைக் கடைசி வரை ஏற்றிவிடுங்கள். அந்த வேலையை ரிசீவர் பார்க்கிறது, இரண்டு பேர் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும். ஃபேஸ் (அலையை நேராகவோ தலைகீழாகவோ விடும் சுவிட்ச்) 0, அளவுத் திருகு நடுவில், ரிசீவரில் சப்வூஃபர் அளவு 0. இப்போது டெஸ்ட் டோனை, அதாவது ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக விடும் சோதனைச் சத்தத்தை, ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெசிபல் காட்டும்படி ரிசீவர் மெனுவில் ஏற்றி இறக்குங்கள். சப்வூஃபரை மட்டும் முதலில் அதன் திருகாலேயே 75க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், அப்புறம் மிச்சத்தை மெனுவில் முடியுங்கள். சப்வூஃபருக்கு முள் ஆடிக்கொண்டே இருக்கும், நடுவாக ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

ரிசீவரோடு வந்த மைக்கை வைத்துத் தானாக அளப்பவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். முடிந்தபின் மெனுவில் சப்வூஃபர் அளவு என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். மைனஸ் 12 என்று இருந்தால் அது பல ரிசீவர்களில் எல்லையின் அடித்தட்டு. இதற்கு மேல் இறக்க முடியாமல் ரிசீவர் கைவிட்டிருக்கிறது என்று பொருள். சப்வூஃபர் திருகைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சப்வூஃபர் தூரம் டேப்பில் 9 அடி வந்தும் ரிசீவர் 14 அடி என்று காட்டினால் பதறித் திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் ஃபில்டர் சத்தத்தைத் தாமதப்படுத்தும், அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாகச் சொல்கிறது.

லோக்கலில் அசெம்பிள் செய்த ஆம்ப் என்றால் இந்த மெனு எதுவும் இருக்காது, ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு திருகுதான். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) டெஸ்ட் டோன் ஃபைல் ஒன்றை ஓடவிட்டு, ஒருவர் இருக்கையில் மீட்டரோடு, ஒருவர் ஆம்ப் பக்கத்தில். இந்த வகை டிகோடர் போர்டுகள் பலவற்றில் ஃப்ரண்ட் ஸ்பீக்கரின் பேஸை, அதாவது அடிச்சுருதியை, பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லை. ஆகவே சின்ன ஃப்ரண்ட் ஸ்பீக்கர் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்யும். அந்த ஆம்ப்களுக்குக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் போடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆடி மாதத்தில் ஒரு வீட்டில் மீட்டரை வைத்தேன், டோன் எதுவும் போடாமலே 60ஐத் தாண்டி நின்றது. மீட்டர் போய்விட்டதோ என்று பேட்டரியைக்கூட மாற்றினேன். கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலில் மோதுகிற முழக்கம் அது. காதுக்குப் பெரிதாகத் தெரியாது, சி எடை மீட்டருக்கு நன்றாகத் தெரியும். ஜன்னலை இறுக்கச் சாத்துங்கள், அல்லது காற்று அமர்ந்த பின் அளங்கள்.

"ஒரே ஊங்காரமா இருக்கு"

எனக்கு வரும் புகார்களில் இதுதான் அதிகம், சொல்ல வேண்டியதும் இதில்தான் அதிகம்.

முதலில் ஒரு சோதனை. தவில் இருக்கும் பதிவு ஒன்றைப் போடுங்கள். தொப்பியில் குச்சி விழும் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டால் நல்லது. அடிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி 'ம்ம்ம்' என்று இழுத்தால், உங்களுக்குப் பேஸ் கூடவில்லை, அறை ஏதோ ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் 20 ஹெர்ட்ஸிலிருந்து 120 வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் டோனை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரேபோல உயர்ந்திருந்தால் சரி, திருகைக் குறையுங்கள், வேலை முடிந்தது. ஒரு இடத்தில் மட்டும் பத்து டெசிபல் துள்ளினால் திருகைத் தொடாதீர்கள்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை மோதித் திரும்பி ஒரே இடத்தில் நின்றுவிடுவதால் வருவது இந்தத் துள்ளல். துள்ளும் இடம் எது என்று அறையை அளந்தே சொல்லிவிடலாம். நம்மூர் வெயிலுக்கு, 575ஐ அறையின் அளவால், அடிக்கணக்கில், வகுத்தால் போதும். 15 அடி நீளத்துக்கு 38 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 48, 10 அடி உயரத்துக்கு 57. மூன்று அளவும் வேறுவேறாக இருக்கும்போது வீக்கமும் மூன்று இடத்தில் பிரிந்துபோகும். மூன்றும் ஒன்றாக இருந்தால்?

பேட்டையில் ஒரு வீடு. பழைய பூஜை அறையை ஒட்டிய பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து. செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து ஒரே 57இல் உட்கார்ந்திருந்தன. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். சப்வூஃபரை மூலையில் வைத்து, கட்டிலைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் சாய்ந்துகொண்டு படம் பார்ப்பார். "சார், நீங்க அறையிலேயே பேஸ் அதிகமா இருக்கிற இடத்துல போய் படுத்திருக்கீங்க" என்றேன். சுவரை ஒட்டிய இடம், அதிலும் மூலை, எல்லா அலையும் உச்சத்தில் நிற்கிற இடம். சப்வூஃபரை மூலைக்குள் தள்ளினால் மூன்றையும் சேர்த்து உசுப்பிவிடும்.

நாங்கள் செய்தது இரண்டே வேலை. சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்து டிவிக்குக் கீழே, முன்சுவரின் சரி நடுவுக்குக் கொண்டுவந்தோம். அகலவாக்கில் நிற்கும் முதல் அலைக்கு நடு இடம் வெறுமையான இடம். அங்கே உட்கார்ந்துகொண்டு சப்வூஃபரால் அந்த அலையை உசுப்ப முடியாது. அப்புறம் கட்டிலைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தோம். ஸ்வீப்பை மறுபடி ஓடவிட்டபோது துள்ளல் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. மிச்சத்தை ரிசீவரின் தானியங்கி அளவெடுப்பு வெட்டிவிட்டது. திருகு கடைசி வரை அதே இடத்தில்தான் இருந்தது. "அப்ப நான் ஒரு வருஷமா திருகினது?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கே வைப்பது என்று தெரியாத அறைக்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் நடை நன்றாக இருக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவர் ஓரமாக நீங்கள் தவழ்ந்து போங்கள். காது தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் ஒவ்வொரு சுருதியும் ஒரே அளவாக, தெளிவாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் பெட்டியை வையுங்கள். நின்றுகொண்டே செய்தால் பலன் இல்லை. வீட்டில் விருந்தாளி இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்துகொள்வது நம் மரியாதைக்கு நல்லது.

சுருதி வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் வேலை செய்பவர்கள் துள்ளும் சுருதியை வெட்டலாம். பள்ளத்தை மட்டும் ஏற்றி நிரப்பப் பார்க்காதீர்கள். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம் அது. எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவும் அழிந்துபோகும், நடுவில் ஆம்ப்தான் சூடாகும்.

மெனுவில் 'எல்எஃப்இ பிளஸ் மெயின்' என்று ஒன்று சில ரிசீவர்களில் இருக்கும். எல்எஃப்இ என்பது படத்தில் சப்வூஃபருக்கென்றே வரும் தனிச் சேனல். அது ஃப்ரண்ட் ஸ்பீக்கரின் பேஸை ஃப்ரண்டிலும் சப்வூஃபரிலும் சேர்த்துக் கொட்டும். பேருக்கு நன்றாக இருக்கிறதே என்று போட்டிருந்தால் வெறும் 'எல்எஃப்இ'க்கு மாற்றுங்கள்.

பாய் விரித்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி. பத்தமடைப் பாய் எவ்வளவு நேர்த்தியாக நெய்திருந்தாலும் அந்த அலைக்கு அது இருப்பதே தெரியாது. கனமான ஜமுக்காளமும் திரைச்சீலையும் எதிரொலிக்கு உதவும். அந்தக் கதை கீழே பேச்சு வரும் இடத்தில்.

"சப்வூஃபர் ஓடுதா இல்லையான்னே தெரியல"

எழுந்து நின்று அறையைச் சுற்றி நடங்கள். சுவர்ப் பக்கம் போனதும் பேஸ் கும்மென்று கேட்டால் சப்வூஃபர் நன்றாகத்தான் ஓடுகிறது, உங்கள் நாற்காலி பள்ளத்தில் கிடக்கிறது. அறையின் சரி நடுவில் உட்காருபவர்களுக்கு இது நடக்கும். ஒன்றரை அடி முன்னே பின்னே இழுத்துப் பாருங்கள்.

எங்கேயும் கேட்கவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். சப்வூஃபரின் விளக்கு எரிகிறதா? ஆட்டோவில் இருந்தால், சத்தம் குறைவாக வரும்போது தூங்கிவிடும் பெட்டிகள் உண்டு. ரிசீவரில் மைனஸ் 12, திருகில் முழு ஏற்றம் என்று வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். ரிசீவரிலிருந்து போகும் சிக்னல் அவ்வளவு மெலிந்திருப்பதால் பெட்டி விழிப்பதில்லை. திருகைக் குறைத்து, ரிசீவரில் ஏற்றுங்கள். ஒயர் 'எல்எஃப்இ' என்று எழுதியிருக்கும் துளையில் இருக்கிறதா? மெனுவில் சப்வூஃபர் 'யெஸ்' என்று இருக்கிறதா? ஃப்ரண்ட் ஸ்பீக்கர் 'லார்ஜ்' ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் ஸ்டீரியோ பாட்டில் சப்வூஃபருக்கு ஒரு துளியும் போகாது. சில தானியங்கி அளவெடுப்புகள் டவர் ஸ்பீக்கரைப் பார்த்ததும் தாமே 'லார்ஜ்' போட்டுவிடும், அதை நீங்கள் திரும்ப மாற்ற வேண்டும்.

இவ்வளவும் சரி, ஆனாலும் 80 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் மெலிவாக இருக்கிறது என்றால் ஃபேஸ். ஃப்ரண்டும் சப்வூஃபரும் சேர்ந்து ஓடும்போது 80 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். ஒருவரைச் சப்வூஃபர் முதுகில் 0, 180 என்று மாற்றச் சொல்லி, இருக்கையில் எது கூடுதலாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். அந்தச் சுருதியில் ஏழடி தூர வித்தியாசமே அலையைத் தலைகீழாக்கப் போதும். நுணுக்கமாக வேண்டுமென்றால் மெனுவில் சப்வூஃபர் தூரத்தை ஒவ்வோர் அடியாக மாற்றி, மீட்டர் அதிகம் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஃப்ரண்ட் ஸ்பீக்கர் ஒன்றில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தாலும் பேஸ் காணாமல் போகும். செய்தி வாசிப்பதை ஸ்டீரியோவில் கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காமல் அறையெல்லாம் பரவினால் ஒயரை மாற்றுங்கள். ஒயரில் நிறக்குறி இல்லையென்றால், ஆம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் பென்சில் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் என்றால் கூம்பு வெளியே வரும்.

"பேச்சு கேக்கல"

வண்ணார்பேட்டையில் ஒரு ஆச்சி, "சீரியல்ல எல்லாரும் குசுகுசுன்னே பேசுதாவ" என்றார். பேரன் போட்ட 5.1 செட். போய்ப் பார்த்தால் பேச்சு வரும் நடு ஸ்பீக்கரான சென்டர், டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், உள்ளே தள்ளி, முன்னால் இரண்டு ரிமோட்டும் ஒரு பொம்மையும். குரல் ஆச்சியின் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்பு வரை இழுத்து, முன்பக்கத்துக்குக் கீழே இரண்டு ரப்பர் புஷ் கொடுத்து, முகத்தைக் காதுக்கு நேராகத் தூக்கிவிட்டேன். அளவைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் சென்டரை மற்றதைவிட 2 அல்லது 3 டெசிபல் ஏற்றலாம், பாவமில்லை. அதற்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் வேறு காரணம் இருக்கிறது. பேஸ் வீங்கியிருந்தால் அதுவே பேச்சை மூடும், மேலே உள்ள வேலையை முதலில் முடியுங்கள். செட்டாப் பாக்ஸ் ஸ்டீரியோ மட்டும் அனுப்பி, ரிசீவரும் 'ஸ்டீரியோ' முறையில் இருந்தால் சென்டர் சும்மாதான் இருக்கும், அது கோளாறு இல்லை. டால்பி சரவுண்ட் போன்ற ஒரு முறைக்கு மாற்றினால் பேச்சு சென்டருக்கு வந்துவிடும். படத்தில் குண்டு வெடித்தால் வீடு அதிர்கிறது, பேசினால் காதைக் கூர்மையாக்க வேண்டியிருக்கிறது என்றால் மெனுவில் டைனமிக் ரேஞ்ச் அல்லது நைட் மோட் என்பதைப் போடுங்கள்.

கடைசியாக, இருக்கையில் உட்கார்ந்து ஒரு கை தட்டுங்கள். 'டர்ர்' என்று ஒரு அதிர்வு பின்னாலேயே வந்தால் சுவரும் டைல்ஸும் பேச்சைக் கலக்குகின்றன. கனத்த திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம், பின்சுவரோரம் துணி அடைத்த திறந்த அலமாரி. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பின்சுவரில் சாய்த்து வைத்துச் சோதனையாகக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

"சத்தம் அந்த மூலையிலருந்து வருது"

சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்று காது சொல்லக்கூடாது. சொன்னால் கிராஸ்ஓவர் அதிகம். 80இல் திசை தெரியாது, 150இல் நன்றாகத் தெரியும். கைக்குள் அடங்கும் சின்ன ஸ்பீக்கர் செட் என்றால் 80க்கு இறக்கவும் முடியாது. அப்போது சப்வூஃபரை ஃப்ரண்ட் ஸ்பீக்கர்களின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் வழி.

"ஷோகேஸ் கடகடங்குது, பெட்டி புஸ்ஸுங்குது"

ஸ்வீப்பை மிக மெதுவாக ஓடவிட்டு, வீட்டைச் சுற்றி வந்து, சத்தம் வரும் பொருளைக் கையால் அமுக்குங்கள். பீரோவின் கைப்பிடி, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, சுவர்ப்படத்தின் பின்பக்கம். மடித்த காகிதமோ ஃபெல்ட் துண்டோ போதும். நான் ஒருமுறை அரை மணி நேரம் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது, சப்வூஃபரின் மேலேயே வைத்திருந்த பூ ஜாடி.

'புஸ்' என்பது வேறு. அது பெட்டியின் துளையில் காற்று போய் வருகிற சத்தம். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் தட்டும்போது வயிற்றுக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் போலவும், கழுத்தில் இருக்கும் காற்று அதன்மேல் ஆடும் எடை போலவும் நின்று, குடம் தன் சுருதியில் முழங்குகிறது. துளை வைத்த சப்வூஃபரும் அந்தக் குடம்தான். தன் சுருதிக்குப் பக்கத்தில் துளை நிறைய வேலை செய்கிறது, அதற்குக் கீழே போனால் கூம்பைத் தாங்க ஆளில்லாமல் அது கட்டுப்பாடின்றி ஆடும். அந்த நேரத்தில் புஸ்ஸும் தட்டலும் கேட்டால் பெட்டியின் சக்திக்கு மேல் கேட்கிறீர்கள். அளவை 3 டெசிபல் குறையுங்கள். பெட்டியோடு ஃபோம் அடைப்பான் கொடுத்திருந்தால் அதை வைத்துப் பாருங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், புஸ் போய்விடும்.

"படம் போடாமலே உர்ருன்னு கிடக்கு"

இது அளவுக் கோளாறு இல்லை, மின்சாரம். 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் உறுமல். சப்வூஃபருக்கு வரும் சிக்னல் ஒயரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் எர்த் சுற்று (இரண்டு எர்த் வழிகளுக்கு நடுவே ஒயர் வழியாக ஓடும் கரண்ட்), நிற்காவிட்டால் பெட்டி அல்லது பிளக். எர்த் சுற்று என்றால் அடுத்து கேபிள் டிவி ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். நான் பார்த்ததில் பெரும்பாலும் அங்கேதான் நின்றிருக்கிறது. கேபிளுக்கு ஒரு ஐசோலேட்டர் போட்டால் தீர்ந்தது. ரிசீவர், டிவி, சப்வூஃபர் மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பதும் உதவும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டி உறுமலை நிறுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதைச் செய்ய விடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. வீட்டு எர்த்தே பலவீனம் என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோய் இருக்கும் வீடுகள் நிறைய. கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்ததும் மட்டும் இரைச்சல் வந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறும் வரை அந்த நேரத்தில் ஆம்பை அணைத்து வைப்பது நல்லது.

"ராத்திரி குறைச்சு வச்சா பேஸே இல்ல"

காதின் இயல்பு. சத்தம் குறையக் குறைய, அடிச்சுருதி மற்றதைவிட வேகமாகக் காதிலிருந்து மறையும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து படம் போட்டுவிட்டார்கள். இதற்காகத் திருகை ஏற்றினால் மறுநாள் பகலில் வீடு அதிரும். ஆடிசி என்ற தானியங்கி அளவெடுப்பு உள்ள ரிசீவர்களில் டைனமிக் ஈக்யூ என்று இருக்கும், மற்றதில் லௌட்னஸ் என்றோ வேறு பேரிலோ இருக்கும். ராத்திரிக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரவுண்ட் கேட்கவில்லை என்பவர்களுக்கு ஒரு வரி: டெஸ்ட் டோனில் 75 வருகிறதென்றால் விட்டுவிடுங்கள், பல காட்சிகளில் அதற்கு வேலையே கிடையாது. சோபாவில் ஒருவருக்கு நன்றாகவும் பக்கத்தில் இருப்பவருக்கு மோசமாகவும் இருந்தால் இன்னொரு சப்வூஃபர் வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஆளுக்கொன்றாக வையுங்கள். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் பல அமைப்புகளை ஒப்பிட்டுக் காட்டியதில், செலவுக்கு நல்ல பலன் தரும் அமைப்புகளில் இதுவும் ஒன்று. கையில் காசு இல்லையென்றால் நல்ல இடத்தை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நீங்கள் ஓரத்தில் உட்காருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு சேனலின் எண்ணையும் தூரத்தையும் கிராஸ்ஓவரையும் ஒரு பேப்பரில் எழுதி, தேதி போட்டு, ரிசீவரின் அடியில் ஒட்டிவையுங்கள். சப்வூஃபர் திருகு நிற்கும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. லீவுக்கு மச்சான் பிள்ளைகள் வந்துபோன பிறகு முதலில் அந்தப் பொட்டைப் பாருங்கள். அது இடம் மாறியிருந்தால் எனக்குப் போன் போட வேண்டாம்.